பதினேழாவது குறை

என் சகலை ஒரு லிப்ட் மெக்கானிக். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது.

நான் கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நானூறு பேர் சேர்ந்து ஒரு கேமைச் செய்வோம். அதில் என் வேலை கதவு. கேமுக்குள் வரும் மரக்கதவு, இரும்புக்கதவு, கண்ணாடிக்கதவு எல்லாம் நான் செய்பவை. கீல் எங்கே இருக்க வேண்டும், தாழ்ப்பாள் எந்த உயரத்தில், உதைத்தால் எந்தப் பக்கம் பெயர வேண்டும் என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வேன். விளையாடுகிறவன் ஒரே உதையில் பெயர்த்துத் தள்ளிவிட்டு ஓடிவிடுவான். நின்று திரும்பிப் பார்த்தவன் ஒருத்தன் கிடையாது.

ஒருமுறை எங்கள் கேமின் விளம்பரம் டிவியில் வந்தபோது மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இந்த ஆளு நீங்க செஞ்சதா மாப்பிள்ளை?" என்றார்.

"இல்லைங்க அத்தை. அவன் உதைக்கிறான் பாருங்க, அந்தக் கதவு."

"அய்யோ, உடைஞ்சு போச்சே," என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

இருந்தாலும் குடும்பத்தில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தது. யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் என்னிடம்தான் வரும். கம்ப்யூட்டர் என்ற பேச்சு வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். பெரிய மாப்பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். அப்புறம் சின்ன மாப்பிள்ளை வந்தார்.

அவர் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் குடியிருக்கும் கட்டடத்தின் லிப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கையில் காய்கறிப் பையோடு மாமியார். நான் கீழே நின்று புகார் நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். புது மாப்பிள்ளை போட்டிருந்த நல்ல சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கதவில் காதை வைத்தார். "பயப்படாதீங்க அத்தை, சும்மா உக்காந்துக்கோங்க," என்றார். இருபது நிமிடத்தில் மாமியார் வெளியே வந்தார். நேராக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் பற்றியது இன்னும் அணையவில்லை.

இத்தனைக்கும் அவர் எதிலும் முந்திக்கொள்கிற ஆள் இல்லை. குள்ளமான, கனத்த உடம்பு. விரல் நகங்களுக்குள் கிரீஸ் எப்போதும் இருக்கும், எந்த சோப்புக்கும் மசியாது. எந்த லிப்ட்டில் ஏறினாலும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பார். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டு வரிசையில் நிற்க, இவர் மட்டும் லிப்ட் பக்கம் நிற்பார். "ஷூ தேஞ்சு போச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். கதவின் அடியில் ஓடும் பகுதிக்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயராம்.

ஒரு நாள் அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோதனை ஓட்டத்தில் மெக்கானிக் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி மெல்ல மேலே போவார். ஒவ்வொரு மாடியும் கடக்கும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் பேச்சு, இருமல், செருப்புச் சத்தம் எல்லாம் கேட்கும். சுவருக்குப் பின்னால் ஓர் ஆள் போய்க்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. "எந்த மாடியில யாரு எந்தப் பக்கம் நிக்கறாங்கன்னு பாக்காமலே சொல்லிடுவேன் சகலை," என்றார். நான், "ம்," என்றேன். பாராட்டுவதில் நான் எப்போதும் சிக்கனம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பிட்டு முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சகலை பிடரியைச் சொறிந்தார்.

"சகலை, நான் ஒரு கேம் பண்ணியிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன, போன்ல பலூன் உடைக்கிற மாதிரியா?"

"இல்ல, துப்பாக்கி கேம். நம்ம கண்ணு வழியாவே பாக்கற மாதிரி. திரையில நம்ம கையும் துப்பாக்கியும் மட்டும்தான் தெரியும். மத்தியானம் லிப்ட்டு மோட்டார் இருக்கற மிஷின் ரூம்ல உக்காந்து சாப்பிடறப்போ கொஞ்சம் கொஞ்சமாக் கத்துக்கிட்டேன். நாலு வருஷம் ஆச்சு."

"தனியாவா?"

"இவ கொஞ்சம் உதவி பண்ணினா," என்று மச்சினியைக் காட்டினார். மச்சினிக்கு வாயெல்லாம் பல்.

மாமியார் என்னைப் பார்த்தார். "நானூறு பேரு பண்றதை இவரு ஒத்தையாளாப் பண்ணிட்டாரா?"

அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. ஆனால் என் மூஞ்சியில் ஈயாடவில்லை.

சகலை ஒரு பென் டிரைவும் ஒரு தாளும் கொடுத்தார். தாள், அவர்கள் கம்பெனியின் பழைய சர்வீஸ் படிவம். லிப்ட்டைப் பார்த்துவிட்டு நிரப்பிக் கொடுப்பார்களே, அது. இடது பக்கம் குறைகள். வலது பக்கம் நல்ல நிலையில் உள்ளவை. அடியில் மீட்டர் அளவு என்று ஒரு கட்டம், லிப்ட் அதுவரை எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று எழுத. அதற்கும் கீழே கையெழுத்து.

"எனக்கு இப்படி எழுதினாத்தான் புரியும். நீங்க இதுலயே இருக்கறவர். ரெண்டு பக்கமும் எழுதிக் குடுங்க. நீங்க என்ன சொன்னாலும் அப்படியே மாத்திடறேன்."

நீங்க என்ன சொன்னாலும். அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கதை இதுதான். பழைய ஒன்பது மாடிக் கட்டடம். லிப்ட் ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக்காக நாம். கட்டடத்தைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்துவிடுகிறார்கள். ஒருவனிடம் பறித்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய் உள்ளே மாட்டியிருப்பவர்களை வெளியே கொண்டுவர வேண்டும்.

ஆரம்பித்த ஐந்து நிமிடத்தில் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவ்வளவு குறைகள்! துப்பாக்கி சுட்டால் கையில் உதறலே இல்லை, செடிக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி இருந்தது. எதிரிகளுக்கு மொத்தம் இரண்டே முகம். ஒன்று சகலையின் முகம், இன்னொன்று மீசை வைத்த சகலையின் முகம். சுட்டால் விழுகிறவன் சில சமயம் விழாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். படி வழியாக ஓடிப் பார்த்தால் ஒன்பது மாடியும் ஒரே மாடி, மேஜை நாற்காலி மட்டும் இடம் மாறியிருந்தது. எழுத்துகளைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கதவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு கதவுக்குக்கூடக் கீல் கிடையாது. துப்பாக்கியில் குண்டு நிரப்பும் சத்தம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தால் ஸ்டேப்ளர். மச்சினியின் உதவி அதுவாகத்தான் இருக்கும்.

குஷியாக எழுதிக்கொண்டே போனேன். பதினாறு குறை ஆனது. அப்புறம் கீழே இறங்கி வந்து முதல் மாடியில் லிப்ட்டில் ஏறினேன்.

கதவு மூடியது. வெளியே எதுவும் தெரியாது. அடுத்த மாடிக்குப் போக அந்தப் பழைய லிப்ட்டுக்குப் பன்னிரண்டு நொடி ஆகும். அந்தப் பன்னிரண்டு நொடியும் செய்வதற்கு ஒன்றுமில்லை, கேட்பதைத் தவிர. கயிறு இழுபடும் முனகல். நடுவழியில், கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை உரசிக்கொண்டு இறங்கும் சத்தம். அதற்குப் பிறகு, மேலே எங்கோ, ஒரு செருப்பு தரையில் தேய்கிறது. ஒருவன் தொண்டையைச் செருமுகிறான். இடது பக்கமா, வலது பக்கமா? கதவு திறப்பதற்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும். தவறான பக்கம் திரும்பி நின்றால் நாம் காலி.

நான் திரும்பிய பக்கம் தவறு. செத்துப்போனேன். கையில் மயிர் எல்லாம் எழுந்து நின்றிருந்தது.

திரும்ப ஏறினேன். திரும்ப, திரும்ப. சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

பதினோரு வருடத்தில் என் கதவு எதுவும் யாருக்கும் அரை நொடி பயத்தைக்கூடக் கொடுத்ததில்லை. எங்கள் நானூறு பேருக்கும் இப்படி ஒன்று தோன்றவில்லை. கூரைமேல் நின்று ஊர்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டு போகிற ஒரு மெக்கானிக்குக்கு, கதவென்றால் அதைத் திறப்பதற்கு முந்தைய நேரம்தான் என்பது தெரிந்திருக்கிறது. அது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்? வயிறு எரிந்தது. பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், வயிறுதான் எரிந்தது.

பேனாவை எடுத்தேன். பதினேழு: லிப்ட் மிகவும் மெதுவாகப் போகிறது. விளையாடுகிறவர் பொறுமை இழப்பார். மூன்று நொடியாகக் குறைக்கவும்.

அத்தோடு நிற்காமல் மொத்தம் முப்பத்தொரு குறை எழுதினேன். மேல்தளத்தில் திறக்காத ஒரு கதவு இருக்கிறது என்பதையும் விடவில்லை. வலது பக்கத்தில் ஒரு கோடு கிழித்தேன். மீட்டர் கட்டத்தையும் கையெழுத்தையும் கண்டுகொள்ளவே இல்லை.

சகலை படித்தார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். திறக்காத கதவுக்கு மட்டும், "அது மிஷின் ரூம் சகலை. அதை மெக்கானிக் மட்டும்தான் திறக்கணும்," என்றார். பதினேழாவதில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"லிப்ட்டு... மெதுவா இருக்கா?"

"ரொம்ப."

"சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இரண்டு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றப் பார்த்தார். முடிந்தவை சில, முடியாதவை பல. மூன்றாவது முகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கிடைத்தார். எழுத்து பெரிதானது. துப்பாக்கி மட்டும் கடைசிவரை தண்ணீர்தான் அடித்தது, அதைச் சரிசெய்ய எங்கள் கம்பெனியில் தனியாக எட்டுப் பேர் இருக்கிறார்கள். லிப்ட் மூன்று நொடியானது.

அந்த இரண்டு மாதமும், அதற்குப் பிறகும், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் மனைவி வேலைக்குப் போனதும் பென் டிரைவைச் செருகுவேன். கேம் அதிலிருந்தே ஓடும். துப்பாக்கியைத் தொடக்கூட மாட்டேன். லிப்ட்டில் ஏறுவேன், இறங்குவேன். காதை மட்டும் வைத்துக்கொண்டு இடதா வலதா என்று பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் எரியும்.

கேம் வெளியானது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. சிறிய கேம்களை விளையாடிக் காட்டிப் பேசும் ஒரு பெண் மட்டும் ஒரு வீடியோ போட்டிருந்தாள். குடும்பமே மாமியார் வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்தோம். அவள் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. துப்பாக்கியில் கனமே இல்லை என்றாள். எதிரிகள் மக்குகள் என்றாள். கைக்காசைப் போட்டு ஒரே ஆள் செய்தது தெரிகிறது, ஆனால் அதைச் சொல்லி எத்தனை நேரம் பொறுத்துக்கொள்வது என்றாள். என் உள்ளே யாரோ சாமரம் வீசினார்கள். அப்புறம் அவள் சொன்னாள்:

"ஆனா ஒண்ணு. இந்த லிப்ட்டுக்குள்ள என்னென்னவோ சத்தம் வெச்சிருக்காரு. காது குடுத்துக் கேக்கலாம்னு பாத்தா, அதுக்குள்ள கதவைத் திறந்துடறாரு. ஏங்க இவ்வளவு அவசரம்? அந்த இடத்துலதான் ஏதோ இருந்திருக்கணும்."

சாமரம் நின்றுவிட்டது.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக் குடுத்துமா இப்படி ஆச்சு?"

"அவர் சரியாத்தான் சொன்னார் அத்தை," என்றார் சகலை உடனே. "லிப்ட்டு விஷயம் நானாப் பண்ணினது. என் தப்பு."

என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நல்லவனாக இருப்பதிலும் அந்த ஆள் என்னை முந்திவிட்டார்.

அடுத்த வாரம் மச்சினி போன் செய்தாள்.

"மாமா, அவரு கம்ப்யூட்டரை அட்டைப் பெட்டில போட்டு மூடிட்டாரு. போதும், இனி லிப்ட் வேலையோட இருந்துக்கறேன்னு சொல்றாரு."

"லிப்ட்டைப் பழையபடி மாத்திட வேண்டியதுதானே?"

"பழசு இல்லையே மாமா. அழிச்சிட்டாரு. லிப்ட் வேலையில கழட்டி மாத்தின பழைய பார்ட்டை அங்கயே வெக்க மாட்டாங்க. யாராவது தெரியாம எடுத்துத் திருப்பி மாட்டிடுவாங்கன்னு அன்னன்னிக்கே தூக்கிப் போட்டுடுவாங்க. கேமுக்கும் அப்படியே பண்ணிட்டாரு. அந்தச் சத்தம் எல்லாம் ஒரு பழைய லிப்ட்டுல பதிவு பண்ணினது. அந்த லிப்ட்டையும் போன மாசம் இவரே கழட்டிட்டாரு."

போனை வைத்தேன். உலகத்தில் அந்தப் பன்னிரண்டு நொடி இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறது. என் மேஜை டிராயரில்.

கொடுக்காமல் விட்டாலும் யாருக்கும் தெரியாது. பென் டிரைவ் தொலைந்துவிட்டது என்றால் நம்புவார், நான் என்ன சொன்னாலும் நம்புகிற மனிதர். அவர் பாட்டுக்கு லிப்ட்டைப் பார்த்துக்கொள்வார், நான் பாட்டுக்குப் பெரிய மாப்பிள்ளையாக இருப்பேன். இரண்டு நாள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூன்றாம் நாள் ஆபீஸில் ஒரு புதுக்கதவு செய்துகொண்டிருந்தேன். திறப்பதற்கு முன் அதன் பின்னால் ஏதாவது சத்தம் வைத்தால் என்ன என்று கை தானாகப் போனது. சட்டென்று எடுத்தேன். அடுத்தவர் ஐடியாவைத் திருடவும் துணிந்துவிட்டேனா? சாயந்திரம் நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

சகலை கதவைத் திறந்தார். பென் டிரைவை நீட்டினேன்.

"டிராயர்ல கிடந்துச்சு. பழசு இதுல அப்படியே இருக்கு. நான் ஒரே ஒரு தடவைதான் விளையாடினேன், குறை எழுதறதுக்காக. அப்புறம் தொடவே இல்ல."

அவ்வளவு பொய் சொல்லித்தான் என்னால் ஒரு நல்ல காரியம் செய்ய முடிந்தது.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டியிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து, பத்து நிமிடத்தில் எல்லா ஒயரையும் மாட்டிவிட்டார். மச்சினி தேநீரோடு வந்து நின்றாள். கேம் திறந்தது. லிப்ட்டில் ஏறுவார் என்று பார்த்தால், படி வழியாக நேராக மேல்தளத்துக்குப் போனார். அந்தத் திறக்காத கதவின் முன் நின்றார். மேலே, கீழே, இரண்டு தடவை மேலே என்று ஏதோ அழுத்தினார். கதவு திறந்தது.

"இங்க எதுக்கு?" என்றேன்.

"பழக்கம். எந்த லிப்ட்டைப் பாக்கப் போனாலும் முதல்ல மீட்டரைத்தான் பாப்போம்."

உள்ளே மோட்டார், கயிறு, சுவரில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் வெள்ளை எண்கள். கேமுக்குள்ளும் அந்த மனிதர் மீட்டர் மாட்டியிருந்தார், பென் டிரைவை என்னிடம் கொடுத்த நாளிலிருந்து அது எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு முறை முழுதாக விளையாடினால் லிப்ட் இருபத்திரண்டு தடவை ஓடும். பெட்டியில் இருந்த எண் 001146.

சகலை திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் திரையையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னங்க, கெட்டுப்போச்சா?" என்றாள் மச்சினி.

"இல்ல. நல்லா ஓடியிருக்கு."

அவளுக்கு அவ்வளவுதான் சொன்னார். அவள் உள்ளே போனாள். சகலை மேஜை டிராயரைத் திறந்து அந்த சர்வீஸ் படிவத்தை எடுத்தார். முடிந்ததோ இல்லையோ, முயன்று பார்த்த முப்பது வரிகளிலும் டிக் போட்டிருந்தது, மிஷின் ரூம் கதவைத் தவிர. பேனாவோடு என் பக்கம் தள்ளினார்.

"படிவம் முடியாம இருக்கு சகலை. மீட்டர் அளவு எழுதல. கையெழுத்தும் இல்ல. பாத்துட்டுப் போனவர்தான் போடணும்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் ஏதாவது எகிறியிருப்பேன். நான் எண்ணை எழுதினேன். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. பதினேழாவது வரியை அடித்தேன். வலது பக்கத்தில் நான் கிழித்த கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேலே, லிப்ட், என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை எடுத்து மீட்டர் கட்டத்தை மறுபடி படித்தார். கிரீஸ் படிந்த கட்டைவிரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னதை விட இதான் சகலை பெருசு," என்றார்.

என் கதவுகள் எத்தனை தடவை திறக்கப்பட்டன என்று எண்ண நான் எங்கும் மீட்டர் மாட்டியதில்லை. பேனாவை மூடி அவரிடம் கொடுத்தேன். தேநீர் ஆறிப்போயிருந்தது, குடித்தேன். பிறகு, "தள்ளி உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, அவர் பார்க்கவே, ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாவது தடவை ஏறினேன். வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.